ஒல்லிக்கு மூன்று சொல்

கேள்வி: ஸ்லிம், தின், ஸ்கின்னி மூன்றுக்கும் 'ஒல்லி' என்றே அகராதியில் இருக்கிறது. எதை எங்கே சொல்வது?

பதில்: தோழியை 'ஸ்லிம்' என்றால் காபி கிடைக்கும். 'ஸ்கின்னி' என்றால் பேச்சே நின்றுபோகும்! முன்னது 'கொடியிடை', பின்னது 'எலும்பும் தோலும்'. 'தின்' இரண்டுக்கும் நடுவே நிற்கும். தாளுக்கும் துணிக்கும்கூடப் பொருந்தும். பொருள் ஒன்றுதான், சொல்பவரின் மனம்தான் வேறு. பீட்டர் மார்க் ரோஜே 1852-இல் வெளியிட்ட 'தெசாரஸ்' என்னும் ஆங்கிலச் சொற்களஞ்சியம், ஒத்த சொற்களைக் கூட்டமாக நிறுத்தியது. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தரவில்லை. அந்த வேலையை வாக்கியம்தான் செய்யும். எனவே, சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். அது வரும் வாக்கியத்தோடு எழுதிவையுங்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பூவின் பருவத்துக்கே பெயர் வைத்தவர்கள் நாம். இதுவும் நமக்குக் கைவரும்!