அஞ்சு வோல்ட் காக்கா

சம்மாந்துறையில் குறிச்சிக்கு ஒரு பள்ளிவாசல், சந்திக்கு ஒரு கம்யூனிகேஷன், பக்கத்துக்கு ஒரு அஞ்சு வோல்ட் காக்கா. விளினையடிப் பக்கம் ஒருவர், ஹிஜ்றா சந்திப் பக்கம் ஒருவர். காரைதீவுக்குப் போய் இடப்பக்கம் திரும்பிச் சாய்ந்தமருது, கல்முனை என்று போனாலும், வலப்பக்கம் திரும்பி நிந்தவூருக்குப் போனாலும் இன்னொருவரைக் காட்டித் தருவார்கள். முகம் மாறும், வயது மாறும், மடி மாறாது. சாரன் மடியில் ஒரு பவர்பேங்க். சேட் பையில் பேனை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பென் டிரைவ். ஒன்றில் பயான், மற்றதில் நாகூர் ஹனீபா பாட்டு. தோளில் ஒரு துணிப்பை, அதற்கு வெளியே எந்நேரமும் ஒரு வயரின் முனை தொங்கும்.

காக்காவின் கொள்கை சுருக்கமானது: ஓட்டை ஒன்று இருந்தால் அது சும்மா இருக்கப்படாது. கொழும்பு பஸ்ஸில் ஏறினால் சீட் நம்பரைப் பார்க்க மாட்டார், ஜன்னலோரத்தில் யூ.எஸ்.பி. ஓட்டை எங்கே என்றுதான் பார்ப்பார். நோயாளி பார்க்கப் போன இடத்தில் நோயாளிக்கு ஸலாம் சொல்வதற்கு முன் சுவரில் மாட்டியிருக்கும் டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவுவார். தன் போனில் தொண்ணூற்றெட்டு சதவீதம் இருந்தாலும் மீதி இரண்டைப் பிறத்தியார் வீட்டில் நிரப்பிக்கொண்டு வருவதில் அவருக்கு ஒரு தனித் திருப்தி.

இந்தக் கரையோரத்து வழக்கப்படி வீடும் வளவும் காக்காவின் மனைவி ராத்தாவின் சீதனம். உறுதி அவர் பேரில், கரண்ட் பில் அவருடைய வாப்பா பேரில். காக்காவின் பேரில் இருப்பவை சார்ஜர்கள் மட்டுந்தான். அந்த வீட்டுக்குள் போனால் எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு வயர் இருக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கழுத்தில் மாட்டும் ஃபேன். நுளம்பு அடிக்கும் பட். விரலில் போட்டுக்கொண்டு தஸ்பீஹ் எண்ணும் மோதிரம். முப்பத்துமூன்றுக்குப் போகுமுன் அது அணைந்துவிட்டால் விரலை நீட்டிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருப்பார், மோதிரம் சார்ஜ் ஏறும் வரை. ஓதிக் கொடுக்கும் மேசை விளக்கு. நோன்பு திறக்க மாம்பழம் அடிக்கும் குட்டி மெஷின். மாம்பழத் துண்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டால் அது முனகிவிட்டு நின்றுவிடும். மீன் செதில் உரசும் மெஷினை ராத்தா ஒரே ஒரு முறை பாவித்தார். கொடுவாச் செதில்கள் இன்னமும் அடுப்படிக் கூரையில் ஒட்டிக்கொண்டு மின்னுகின்றன.

இவற்றில் காக்கா மிகவும் நம்பியது கோப்பையைச் சூடாக்கும் தட்டை. தட்டில் கோப்பையை வைத்தால் பிளேன்டி சூடு ஆறாது என்பதுதான் கடைக்காரன் சொன்னது. காக்கா அதற்கு மேலே போனார். பச்சைத் தண்ணியை வைத்து அதையே கொதிக்கவைத்து விடலாம், அடுப்பும் காஸும் எதற்கு என்று ஒரு காலையில் தொடங்கினார். பக்கத்து வீட்டுப் பையன் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அதன் பிரயோக விஞ்ஞான பீடம் எங்கள் ஊரிலேயே இருப்பதால் இப்படியான ஆட்கள் கைக்கெட்டிய தூரத்தில் கிடைப்பார்கள். அவன் வந்து ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினான். கொம்பியூட்டரின் பழைய யூ.எஸ்.பி. ஓட்டையில் வருவது 5 வோல்ட், அரை அம்பியர். பெருக்கினால் இரண்டரை வாட். 200 மில்லி தண்ணீரை 30 பாகையிலிருந்து 95 பாகைக்குக் கொண்டுபோக இரண்டரை வாட்டுக்கு ஆறு மணித்தியாலம் வேண்டும். அதுவும் ஒரு பொட்டுச் சூடு வெளியே போகாமல் இருந்தால். போகாமல் இருக்குமா?

"சுபஹுக்கு வெச்சா லுஹருக்கும் கொதிக்காது காக்கா" என்றான்.

"பரவாயில்ல மனே, நமக்கென்ன அவசரம்."

அதோடு விடவில்லை. இரண்டரை வாட் என்றால் 400 மணித்தியாலம் ஓடினால்தானே ஒரு யூனிட் என்று அவரே ஒரு கணக்குப் போட்டு ராத்தாவிடம் காட்டினார். கணக்குச் சரி. ஆனால் அந்த வீட்டில் ஓடுவது ஒன்றா? 2021இல் யூ.எஸ்.பி. விதியைத் திருத்தி சி வயரால் 240 வாட் வரை அனுப்பலாம் என்று ஆக்கிவிட்டார்கள், அதே கோப்பை நாலு நிமிஷத்தில் கொதிக்கும் என்று பையன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து 240 வாட் சார்ஜர் எங்கே எடுக்கலாம் என்று கொழும்புக்குப் போகிற வருகிற எல்லோரிடமும் காக்கா விசாரிக்கிறார். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அவர் பேரைச் சொன்னால் சில கடைக்காரர்கள் எழும்பி உள்ளே போய்விடுவார்களாம்.

காக்கா மதிக்கும் மனிதர்கள் உலகத்தில் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் அஜய் பட். குஜராத்தின் வடோதராவில் படித்து, அமெரிக்கா போய், இன்டெல் கம்பனியில் சேர்ந்து யூ.எஸ்.பி.யை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அதற்கு முந்தி மௌஸுக்கு ஒரு துளை, கீபோர்டுக்கு ஒரு துளை, பிரிண்டருக்குக் கையகலத்தில் ஒரு துளை. வீட்டில் பிரிண்டரைப் பூட்ட மனைவி பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அந்த மனுசனுக்கு எண்ணம் வந்தது என்பார்கள். 1996இல் முதல் பதிப்பு வந்தது. எந்தப் பக்கம் போட்டாலும் போகிற மாதிரி ஏன் செய்யவில்லை என்று பிற்காலத்தில் கேட்டதற்கு, அப்படிச் செய்தால் வயரும் சுற்றும் இரட்டிப்பாகும், செலவும் ஏறும் என்று அவர் பதில் சொன்னார். காக்காவுக்கு இதில் மட்டும் மனத்தாங்கல். "எல்லாம் செஞ்ச மனுசன், அதில போய்க் காசு பாத்திட்டார்" என்பார், இருட்டில் வயரைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே.

வெளிநாட்டில் இதைவிடப் பெரிய காக்காமார் உண்டு என்று ஒருநாள் அவருக்குச் சொன்னேன். ஜப்பானில் தாங்கோ என்றொரு கம்பனி, கழுத்துப் பட்டிக்குள் ஃபேன் வைத்து விற்றது; பட்டி கட்டின மேனேஜர் மேசையில் இருக்கும் வரை நெஞ்சுக்குக் காற்று வரும். இதற்குக் காக்கா தலையாட்டினார். அமெரிக்காவில் திங்க்கீக் என்ற கடை யூ.எஸ்.பி. கல்லு விற்றது என்றதும் நிமிர்ந்தார்.

"கல்லா?"

"கல்லுத்தான். வயர் பூட்டின கல்லு. சொருகினா ஒண்டும் செய்யாது."

"லைட் எரியுமா?"

"இல்ல."

"சூடாகுமா?"

"அதுவும் இல்ல."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப சார்ஜ் எறங்காதுதானே?"

துணிப்பையைப் பற்றிச் சொல்லாவிட்டால் காக்காவைப் பற்றிச் சொன்னதாகாது. மினி, மைக்ரோ, சி, பிரிண்டருக்குப் போடும் சதுர மூஞ்சிக்காரன், எந்தக் கம்பனியும் இப்போது செய்யாத ஒரு தட்டை வயர் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். வயரை உரித்துக் காட்டிப் பாடம் நடத்துவார்: சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு. மலிவு வயருக்குள் சிவப்பும் கறுப்பும் மட்டும் இருக்கும். அதைச் "சோத்து வயர்" என்பார். சாப்பாடு போகும், பேச்சுவார்த்தை போகாது. கல்யாண போட்டோக்களை போனிலிருந்து இறக்க வேண்டும் என்று அவசரமாக ஓடிவருகிறவர்களுக்கு அவர் எடுத்துக் கொடுப்பது தவறாமல் சோத்து வயராகத்தான் இருக்கும்.

பென்னைப் பற்றியும் ஒரு சொல். ஒரு காலத்தில் ஊரிலுள்ள போட்டோகொப்பிக் கடைகளில் பென்னைப் போட்டு எடுத்தால் ஃபைல் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிக் கிடக்கும். மாணவர்கள் அழுதுகொண்டு காக்காவிடம் வருவார்கள். ஈரானில் நதான்ஸ் அணு ஆலைக்குள் ஸ்டக்ஸ்நெட் வைரஸ் போனதே பென்னால்தான் என்று பேசப்பட்டது 2010இல் அவர் காதுக்கு எட்டியதும், ஹிஜ்றா சந்தியில் பரவினது அதனுடைய தம்பிதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

இனி ஒரு கல்யாணக் கதை. கட்டாரிலிருந்து மச்சினன் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று பஹூர் புகைக்கும் கைக்கருவி. தணலும் வேண்டாம், சட்டியும் வேண்டாம். ஊதுகட்டையை வைத்து அமுக்கினால் புகை வரும், சார்ஜ் யூ.எஸ்.பி.யால். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குச் சாம்பிராணிச் சட்டி எடுப்பதற்கு ஒரு பெரியவர் இருந்தார். காக்கா அவரை ஓரம் கட்டிவிட்டுக் கருவியை மாப்பிள்ளையின் கையிலேயே கொடுத்தார். முதல் ஐம்பது யார் வரை ஊரே மணத்தது. பிறகு சிவப்பு லைட் மினுங்கியது, புகை நின்றது. காக்கா தயங்கவில்லை. மடியிலிருந்து பவர்பேங்கை உருவி, வயரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை மாப்பிள்ளையின் கைக்கருவியிலும் சொருகினார். வயர் ஒரு மீற்றர். ஆகவே பொண்ணு வீட்டு வாசல் வரை மாப்பிள்ளையும் காக்காவும் ஒரே வயரில், ஒரே நடையில் போனார்கள். மாப்பிள்ளை நின்றால் காக்கா நின்றார். மாமனார் மாப்பிள்ளையைக் கட்டியணைத்தபோது நடுவில் காக்காவும் நசுங்கினார். பொம்பிளைகள் குரவை போட்டார்கள்; அது யாருக்கு என்று இன்றுவரை தெளிவில்லை. ஆல்பத்தில் எந்தப் படத்திலும் காக்காவை வெட்ட முடியவில்லை, வெட்டினால் மாப்பிள்ளையின் கை போய்விடும்.

ஆனால் 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது இந்த ஆளை நக்கலடித்த வாய்கள் எல்லாம் மூடின. மார்ச் கடைசியில், நோன்பு தொடங்க நாலைந்து நாள் இருக்கையில், கரண்ட் கட் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. முந்திய வருஷத்துப் பசளைத் தடையால் வயல் இளைத்து, டீசல் இல்லாமல் உழவு மெஷின்களும் முற்றத்தில் சும்மா நின்ற காலம். மெஷின் சும்மா நின்றாலும் பெட்டரி நிற்கவேண்டியதில்லை என்பது காக்காவுக்குத்தான் பட்டது. 12 வோல்ட் பெட்டரி, அதில் காரில் போடும் சின்ன சார்ஜர், அது 12ஐ 5 ஆக்கும், அதிலிருந்து பிரித்துப் பிரித்து எட்டு வயர். குறிச்சியிலுள்ள போன்கள் எல்லாம் அவர் திண்ணைக்கு வந்தன. எது யாருடையது என்று மாறிப்போகாமலிருக்க ராத்தா ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதினார். பெற்றோல் எடுக்க போனில் கியூஆர் காட்ட வேண்டும் என்று வந்த பிறகு இன்னும் கூட்டம். போன் செத்தால் பெற்றோலும் இல்லை என்ற நிலை. காக்கா ஒரு சதம் வாங்கவில்லை. அந்த மாதங்களில் அவர் திண்ணையில் நின்று கதைத்தவர்கள், அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்திருந்தால் கூட அவ்வளவு மரியாதை தந்திருக்க மாட்டார்கள்.

கரண்ட் திரும்பி வந்ததும் மரியாதை போய்விட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டபோது அது கொஞ்சம் திரும்பி வந்தது. அன்று அஸர் தொழுகைக்குப் போகும் வழியில் காக்காவின் முகத்தைப் பார்த்தவர்கள், குரங்கோடு இவருக்கு ஏதோ உடன்படிக்கை இருக்கிறது என்றே நினைத்தார்கள்.

காக்காவைப் பற்றி ஒரு யானைக் கதையும் உண்டு, அது எனக்கு வயலுக்குப் பொறுப்பான வட்டைவிதானை சொன்னது. இரவில் வயலுக்கு யானை இறங்குவது இங்கே புதினமில்லை. தேனீச் சத்தம் கேட்டால் யானை ஓடும் என்று கென்யாவில் ஆராய்ந்து 2007இல் எழுதியிருக்கிறார்கள். அது எப்படியோ காக்காவுக்கு எட்டியது. தேனீ இரைச்சலைப் பென்னில் ஏற்றி, ஸ்பீக்கரில் சொருகி, வாடிக்குள் காவல் இருந்தார். பொலிவு பொலிவாக நெல் நிற்கையில் கொம்பன் வந்தது. காக்கா பொத்தானை அமுக்கினார். சேட் பையில் இரண்டு பென் இருந்ததாகச் சொன்னேன் அல்லவா, இப்போது மூன்றாயிருந்தது. நாகூர் ஹனீபா கணீரென்று எழுந்தார். யானை காதை விரித்து நின்றது. "ரெண்டு பாட்டு முழுசாக் கேட்டிச்சி, மூணாவதுக்கு நடுவில போயிற்று. பயத்தில போன மாதிரித் தெரியல்ல" என்றார் விதானை. காக்காவின் வாதம் வேறு: போனதுதானே முக்கியம்.

ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கெல்லாம் சி வயர்தான் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. இனி அந்தத் துணிப்பையைக் குப்பை மெஷினில் போடலாந்தானே என்று ராத்தா கேட்டார். "சட்டம் ஐரோப்பாவுக்குப் புள்ள" என்று சொல்லி அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார் காக்கா.

இவ்வளவையும் படித்துவிட்டு இவர் பெரிய கரண்ட் வேலைக்காரர் என்று நினைத்து யாரும் இவரை வயரிங் செய்யக் கூப்பிட்டுவிட வேண்டாம். அஞ்சு வோல்ட்டுக்கு மேலே காக்காவுக்கு உயிர்ப் பயம். சுவரில் இருக்கும் 13 அம்பியர் பிளக்கைச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் தொடுவார், ஸ்விட்சை விளக்குமாற்றுக் காம்பால் அமுக்குவதும் உண்டு. வீட்டு ஹோலில் நடு பல்ப் எரிந்துபோய் அடுத்த நோன்பும் வரப்போகிறது. அதற்குக் கீழே சணல் கயிற்றில் ஒரு யூ.எஸ்.பி. பல்ப் தொங்குகிறது, வயர் சுவர் நெடுக ஓடி மேசையில் பவர்பேங்கில் முடிகிறது. நேற்று இரவு சாப்பாட்டுக்கு நடுவில் அது மங்கி அணைந்தது.

"இஞ்ச, அந்தப் பெரிய பல்பை ஒருக்கா மாத்துங்களேன். கடையில நூத்துச் சொச்சம்தான்."

"அது எரநூத்தி முப்பது வோல்ட் புள்ள."

"ஸ்விட்ச ஓஃப் பண்ணிட்டு மாத்துற."

"ஓஃப் பண்ணினது பல்புக்குத் தெரியுமா?" என்றார் காக்கா, இருட்டில் மடியைத் தடவி அடுத்த பவர்பேங்கைத் தேடிக்கொண்டே.