மெல்லிசைக் குழுக்காரர்

மெல்லிசைக் குழுக்காரர் என்பவர் ஒரு கீபோர்டையும் அதற்கான மாதத் தவணையையும் உடையவர். பாடகர், தபேலாக்காரர், கிடார்காரர், பேட் வாசிப்பவர் யாரும் அவருக்குச் சொந்தமில்லை. அவர்களுடைய செல்போன் எண்கள்தான் சொந்தம். கச்சேரி வந்தால் இவர்களைத் திரட்டி வேனில் ஏற்றிக்கொண்டு போய், விடிவதற்குள் அவரவர் தெருமுனையில் இறக்கிவிடுவது அவருடைய தொழில். நடுவில் நாலு மணி நேரம் பாட்டும் உண்டு. தமிழ்நாட்டில் இவர் இல்லாத மாவட்டம் கிடையாது. திருச்சிக்காரராக இருந்தால் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. எந்தத் திசையில் கூப்பிட்டாலும் ஒரே ராத்திரியில் போய்த் திரும்பலாம்.

குழுவின் பெயரில் ராகம், ஸ்ருதி, லயம், ஸ்வரம் இவற்றில் ஒன்று இருந்தே தீரும். அதற்கு முன்னால் மகளின் பெயரோ குலதெய்வத்தின் பெயரோ வரும். குழுக்கள் பெரும்பாலும் பிரிவினையால்தான் பிறக்கின்றன. பேஸ் கிடார்காரர் ஒரு நள்ளிரவில் கணக்குக் கேட்பார். அடுத்த பங்குனிக்குள் அவருக்குத் தனிக் குழு இருக்கும். புதிய குழுவின் பெயருக்கு முன்னால் 'நியூ' சேரும்; பழைய குழு உடனே 'ஒரிஜினல்' சேர்த்துக்கொள்ளும். இரண்டிலும் ஒரே தபேலாக்காரர்தான் வாசிப்பார்.

இந்த இனத்துக்கென்று ஒரு தலபுராணம் உண்டு. அது நிஜமாகவே நடந்தது என்பதுதான் தொல்லை. பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியபடி ஊர் ஊராகப் போனபோது தம்பிகளும் குழுவில் சேர்ந்தார்கள். அதில் ஒரு தம்பி, குரல் உடையும்வரை பெண் குரலில் பாடினார், ஆர்மோனியம் வாசித்தார், 1968இல் சென்னைக்கு வந்தார், எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மேடைக் கச்சேரிகளிலும் வாசித்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. ராசையா இளையராஜா ஆனார். இந்த வரலாறு குழுக்காரருக்குச் செய்த கெடுதலை எந்த வட்டிக்கடைக்காரரும் செய்ததில்லை. ஐம்பத்தைந்து வயதிலும் அவர் தமக்கு இப்போது 1975 நடப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவருடைய ஆண்டு சித்திரையில் தொடங்குவதில்லை. அறுவடைப் பணம் கைக்கு வந்து, மாசியில் முதல் அட்வான்ஸ் விழும் நாளில் தொடங்குகிறது. பங்குனி, சித்திரை, வைகாசியில் ஒரே ராத்திரிக்கு மூன்று ஊர் கேட்கும். மூன்றுக்கும் தலையாட்டிவிட்டு இரண்டை 'நியூ'காரரிடம் தள்ளிவிடுவார். பகையெல்லாம் வேலையில்லாத மாதங்களுக்குத்தான். ஆனியில் கல்யாண வரவேற்புகள். ஆடியில் கல்யாணம் நின்றுபோகும், மாரியம்மன் கைவிடமாட்டாள். ஆவணியில் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். புரட்டாசி சுமார், ஐப்பசி, கார்த்திகையில் மழை, மார்கழியில் டிசம்பர் 31 ராத்திரி ஒன்றுதான் கணக்கு. அந்த மழை மாதங்களில்தான் தபேலாக்காரர் ஆட்டோ ஓட்டுவதும், பாடகர் தையல் கடையில் உட்கார்ந்திருப்பதும் ஊருக்குத் தெரியவரும்.

புக்கிங் போனில் நடக்கும். எதிர்முனையில் விழாக் கமிட்டிச் செயலாளர்.

"எத்தனை பேருண்ணே வருவீங்க?"

"பதினாலு பேரு தம்பி."

"போன வருசம் வந்தவங்க இருவத்தஞ்சுன்னு நோட்டீஸ்ல போட்டாங்களே."

"நாமளும் போட்டுக்குவோம்."

"டிவில பாடுன பொண்ணு யாராச்சும்…"

"கூட்டியாந்துருவோம் தம்பி. நீங்க அட்வான்ச மட்டும் போட்டு விடுங்க."

விஜய் டிவியில் 2006இல் சூப்பர் சிங்கர் தொடங்கிய நாளிலிருந்து 'டிவி புகழ்' என்ற அடைமொழி இல்லாமல் நோட்டீஸ் அச்சாவதில்லை. முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவரும் டிவி புகழ்தான். வரிசையில் நின்று டோக்கன் வாங்கியபோது கேமராவில் விழுந்தவரும் டிவி புகழ்தான். அதற்கு முந்தைய காலத்தில் 'ஜூனியர் எஸ்.பி.பி.', 'சின்ன டி.எம்.எஸ்.' என்று போட்டால் போதும். குழுக்காரரிடம் சொந்தக் குரலில் பாடுகிறவருக்கு வேலையில்லை. வேலை கேட்டு வருகிறவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "யார் வாய்ஸு?" என்பதுதான்.

நோட்டீஸில் இருபத்தைந்து, பேச்சில் பதினாலு, வேனில் பதினொன்று. ஆனால் கமிட்டித் தலைவர் மேடையில் தலை எண்ணுவார். அதனால் வேன் டிரைவருக்கும் ஒரு ஜிகினா கோட்டு உண்டு. கையில் ஷேக்கரைக் கொடுத்துப் பின்வரிசையில் நிறுத்திவிடுவார்கள். இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் டிரம்ஸ், காங்கோ, பாங்கோஸ், டோலக் என்று தாளத்துக்கே தனி வண்டி வேண்டியிருந்தது. ரோலண்டு நிறுவனம் 1985இல் கொண்டுவந்த ஆக்டோபேட் மெல்ல மெல்ல இங்கேயும் வந்து, அந்த வண்டியையும் மிச்சப்படுத்தியது, நாலு பேர் சம்பளத்தையும் மிச்சப்படுத்தியது. அந்த நாலு பேரில் ஒருவர்தான் இப்போது வேன் ஓட்டுகிறார். அவர் ஷேக்கரை எடுத்த பிறகுதான் அன்றைய கச்சேரியில் தாளம் நிதானத்துக்கு வருகிறது என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். சம்பளக் கணக்கில் மட்டும் அது ஏறியதில்லை.

வேன் இரண்டு மணிக்குக் கிளம்பும் என்றால் ரிதம் பேட்காரர் அப்போதுதான் குளிக்கப் போவார். திருவெறும்பூரில் ஒருவர், பால்பண்ணையில் ஒருவர், சத்திரத்தில் ஒருவர் என்று பொறுக்கிக்கொண்டு ஊரைத் தாண்ட நாலு ஆகிவிடும். முன்சீட்டு பெண் பாடகருக்கும் துணைக்கு வரும் அவர் கணவருக்கும். இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் கீபோர்டுக்கு. அதைப் போர்வையால் சுற்றிக் கைக்குழந்தையைப் போல் வைத்திருப்பார் குழுக்காரர். மிச்சப்பேர் கேபிள் பெட்டிக்கும் மைக் ஸ்டாண்டுக்கும் நடுவில் எங்கே கால் நுழைகிறதோ அங்கே. புதுக்கோட்டை தாண்டியதும் அறந்தாங்கிப் பக்கம் ஒரு 'புதூரை'த் தேடும் படலம் தொடங்கும். தமிழ்நாட்டில் தாலுகாவுக்கு நாலு புதூர் இருப்பதை கூகுள் மேப்பும் மறைப்பதில்லை. முதலில் போய்ச் சேரும் புதூரில் திருவிழாவே இருக்காது. கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், "கச்சேரியா? அது கீழப்புதூரா இருக்கும்" என்று வந்த வழியே கை காட்டுவார். 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தில் குழு தன் காரைத் தள்ளிக்கொண்டு போகும் காட்சிக்கு இன்றும் ஊரே சிரிக்கிறது. படத்தை இயக்கிய கங்கை அமரன் பாவலர் குழுவில் ஊர் சுற்றியவர். குழுக்காரர் மட்டும் அந்தக் காட்சிக்குச் சிரிப்பதில்லை.

ஊரில் மேடை என்பது பெரும்பாலும் இரண்டு டிராக்டர் டிரெய்லர்களைச் சேர்த்துக் கட்டியது. கரண்டு கம்பத்திலிருந்து நேராக வரும். சீரியல் பல்பு எரிந்தால் கீபோர்டு அணையும். மைக்செட்காரர் உள்ளூர்க்காரர், கமிட்டிப் பொருளாளரின் மச்சான். 'மானிட்டர் கேக்கல' என்று எத்தனை முறை சைகை காட்டினாலும் அவர் எக்கோவைத்தான் கூட்டுவார். எக்கோ இல்லாத பாட்டை அவர் பாட்டென்றே ஒப்புக்கொள்வதில்லை.

பெண் பாடகரைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். ஆண்கள் வேன் மறைவில் சட்டை மாற்றிக்கொள்வார்கள். அவருக்கு ஒதுக்கப்படுவது பூட்டிக் கிடந்த பள்ளிக்கூட வகுப்பறை. தாழ்ப்பாள் இருக்காது, கழிப்பறை இருந்தால் தண்ணீர் இருக்காது. அதனால் அவர் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். பாடுகிற தொண்டைக்கு அது எவ்வளவு கெடுதல் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்தத் தொண்டையோடு மேடையேறி, எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டையும் ஜானகியின் மெலடியையும் அடுத்தடுத்துப் பாடுவார். நாலாவது பாட்டுக்கு யாராவது ஒருவர் மேடையோரம் வந்து, "பாட்டுக்காரம்மாவ அப்படியே கொஞ்சம் ஆடச் சொல்லுங்க" என்பார். குழுக்காரர் அதற்குக் காது கேளாதவராகிவிடுவார். அவர் உருப்படியாகச் செய்யும் காரியங்களில் இது ஒன்று.

கச்சேரி ஏழு மணிக்கு என்று நோட்டீஸ் சொல்லும். சாமி ஊர்வலம் வந்து நிலை சேர்ந்தால்தான் பாட்டு. சேர ஒன்பதேகால் ஆகும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். ஆண்டுக்குப் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பதினைந்தில் ஒன்று தங்கள் ஊருக்கானது என்பதில் கமிட்டிக்குச் சந்தேகமே கிடையாது. பத்தரைக்கு ஜீப் வந்து நிற்கும். தலைவர் போய்க் குனிந்து பேசுவார், வால்யூம் அரை அங்குலம் குறையும். கொஞ்ச நேரத்தில் ஏட்டய்யாவிடமிருந்தும் ஒரு சீட்டு மேடைக்கு வரும்: எஸ்.பி.பி. பாட்டு ஒன்று.

சீட்டுகளைச் சமாளிப்பது தனி வித்தை. எம்.ஜி.ஆர். பாட்டுக்கு அடுத்து சிவாஜி பாட்டு வராவிட்டால் மேற்குத் தெரு எழுந்து போய்விடும். விஜய் பாட்டுக்கு நூறு ரூபாய் அன்பளிப்பு வந்தால், அஜித் ரசிகர்கள் நூற்றியொன்று தருவார்கள். இந்தப் போட்டி நீடிக்க வேண்டும் என்பது குழுக்காரரின் உள்ளூர வேண்டுதல். சாதிப் பெருமைப் பாட்டு கேட்டு வரும் சீட்டை மட்டும் மடித்துப் பையில் போட்டுக்கொள்வார். கட்சி, சாதி தொடர்பான பாட்டு கூடாது என்று அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனை இருக்கும். அதைக் காட்டித் தப்பிப்பதற்காகவே அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து வைத்திருப்பார்.

அவருடைய உண்மையான திறமை யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கிறது. பதினொன்றரைக்கு 'எஸ்.பி.பி. வாய்ஸ்' பல்லவி எடுக்கும் தோரணையிலேயே தொண்டை போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பாடகர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு பட்டனை அழுத்தி அரைக்கட்டை இறக்கி, கிடார்காரருக்குக் கண்ணைக் காட்டி, அடுத்த அடியில் எல்லோரையும் ஒரே சுருதியில் சேர்த்துவிடுவார். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இளையராஜா பாட்டின் இரண்டாவது இடையிசையில் புல்லாங்குழல் வரும் இடத்தில் ஒரு ஸ்வரம் தவறினால், முன்வரிசை நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் கண்ணைத் திறந்து உச்சுக் கொட்டுவார். தமிழ்நாட்டுக் கிராமத்தைப் போல் இடையிசையை மனப்பாடமாக வைத்திருக்கும் சபை வேறெங்கும் இருக்க வழியில்லை. 2017இல், அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்திலிருந்த எஸ்.பி.பி.க்கே, அனுமதியின்றித் தம் பாடல்களைப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. அன்று எல்லாக் குழுக்காரர்களும் கலங்கினார்கள். தனக்கும் ஒன்று வந்தால் ராஜா தன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம் என்றும் சிலர் யோசித்தார்கள். வரவில்லை.

ஒரு மணிக்குக் கச்சேரி முடிந்ததும் அடுத்த கச்சேரி தொடங்கும். அது மீதிப் பணக் கச்சேரி. பொருளாளர் படுத்துவிட்டார் என்பார்கள். எழுப்பினால், "அந்த டிவிப் பொண்ணு வரலையே" என்று தொடங்குவார். இரண்டு சீட்டுக்குப் பாட்டு வரவில்லை, நடுவில் பத்து நிமிடம் கரண்டு போனது, ஷேக்கர் வைத்திருந்தவர் வேன் ஓட்டியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கழியும். மிச்சத்தைத் தலைக்கட்டு வரியாக வசூலான பத்து ரூபாய்த் தாள்களிலும் உண்டியல் சில்லறையிலும் எண்ணித் தருவார்கள். அதற்குள் மற்றவர்கள் கேபிள் சுற்றி முடித்திருப்பார்கள். சம்பளப் பங்கீடு வேனுக்குள், செல்போன் வெளிச்சத்தில். புரோட்டாக் கடை திறந்திருந்தால் சண்டை வருவதில்லை. பிறகு எல்லோரும் தூங்க, டிரைவரைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டு வருவது குழுக்காரரின் வேலை. பேச்சு பெரும்பாலும் காங்கோவைப் பற்றியதாக இருக்கும்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது பங்குனித் திருவிழாக்கள் தொடங்கியிருந்தன. அட்வான்ஸ் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்க முடியாமல் வாத்தியத்தை விற்றார்கள். அதிலிருந்து மீண்டு வந்தால் எதிரே கரோக்கி நிற்கிறது. ஒரு லேப்டாப், இரண்டு பெட்டி, ஒரே ஆள். வேன் வேண்டாம், தபேலாக்காரர் வேண்டாம். கல்யாண வரவேற்புகளைக் கரோக்கி ஏறக்குறைய எடுத்துக்கொண்டுவிட்டது. கோயில் திருவிழாக்கள் மட்டும் குழுவை விடவில்லை. மேடையில் ஆள் நிறைந்திருந்தால்தான் பக்கத்து ஊர் மதிக்கும் என்பது ஒரு காரணம். டிராக் ஓடும்போது நடுவில் சீட்டுக் கொடுத்துப் பாட்டை மாற்ற முடியாது என்பது இன்னொன்று.

விழாக் கமிட்டிகளில் இருப்பவர்கள் அடுத்த திருவிழாவுக்கு இரண்டு காரியம் செய்யலாம். பாட வரும் பெண்களுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஓர் அறையை ஒதுக்கலாம். மீதிப் பணத்தைப் பிள்ளையார் பாட்டுக்கு முன்பே கொடுத்துவிடலாம்.