தம்பி எழுதிய பாட்டு

கேள்வி: என் தம்பி ஒரு படத்துக்குப் பாட்டு எழுதினான். தயாரிப்பாளர் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார். இனி அதில் அவனுக்கு ஒன்றுமே இல்லையா?

பதில்: கையெழுத்துதான் போனது, தலையெழுத்து போகவில்லை! 1977-இல் பாட்டு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகு, ஊரே முணுமுணுக்கும் பாட்டை எழுதியவர் வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாத நிலை வந்தது. பெரிய அநியாயம். பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் முன்னின்று போராடினார். 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருந்தியது. அதன்படி, பாட்டு தியேட்டரில் படத்தோடு ஓடும்போது தனி ராயல்டி கிடையாது. எஃப்எம், டிவி, ஓட்டல், செயலி என்று மற்ற இடங்களில் ஒலித்தால் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும், உரிமையை வாங்கியவரோடு சமபங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தரலாம். வேறு யாருக்கும் தானம்கூடச் செய்ய முடியாது. ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் செல்லாது.

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். காலம் குறிப்பிடவில்லையென்றால் எழுதி வாங்கியவருக்கு உரிமை 5 ஆண்டுக்குத்தான். இடம் குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும்தான். பாட்டு வரிகளுக்கான உரிமை, எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும். தம்பியை முதலில் ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேரச் சொல்லுங்கள்.