அத்தான் கட்டிய கலைக்கூடம்

குழாய் சொட்டினால் சாதாரண மனிதனுக்கு என்ன தோன்றும்? வாஷர் தேய்ந்துவிட்டது, கடையில் 10 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கி மாட்டலாம் என்று தோன்றும். தஞ்சாவூர் கரந்தையில் எங்கள் வீட்டு முன்கட்டில் குடியிருக்கும் என் அத்தான் சாதாரண மனிதர் அல்லர். குளியலறைக் குழாயின் ஒரு சொட்டுக்குள் ஒரு கலைக்கூடத்தையே கண்டவர். அந்த ஞானதிருஷ்டியைப் பின்கட்டிலிருந்து தரிசிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

சிக்கனத்தில்தான் ஆரம்பித்தார். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. 4,000 சொட்டு ஒரு லிட்டர் என்று வைத்தாலும் 20 லிட்டருக்கு மேல், முழுசாக ஒரு கேன் தண்ணீர்! நெஞ்சு பதறிப்போனார். "பிளம்பருக்கு எதுக்குடா 300 ரூபாய் தண்டம்?" என்று கேட்டுவிட்டு, 800 ரூபாய்க்கு ஒரு ரெஞ்சு வாங்கி வந்தார்.

வாஷர் மாற்றக் குழாயைச் சுவரிலிருந்து கழற்றவே வேண்டாம். வால்வை மூடிவிட்டுத் தலையை மட்டும் திறந்தால் போதும். இப்படிக் குறுக்குவழியில் போகிறவரா அத்தான்? முழுக் குழாயையும் கழற்றினார். மரையில் டெஃப்லான் டேப் சுற்றினார். முறுக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும் என்பது பிளம்பரிடம் எடுபிடியாகச் சேரும் பையனுக்கு முதல் நாள் பாடம். அடுத்தவர் போட்ட பாதையில் நடந்து பழக்கமில்லாத அத்தான் எதிர்த்திசையில் சுற்றினார். திருகத் திருக டேப் பிரிந்து சேமியாவாகத் தொங்கியது. "இன்னும் ஒரே ஒரு முறுக்கு" என்றார். சுவருக்குள் முப்பது வருஷமாகத் துருவேறிக் கிடந்த ஜி.ஐ. பைப், அந்த ஒரு முறுக்குக்காகவே காத்திருந்ததுபோல் 'டொக்' என்று உடைந்தது.

வால்வு எங்கே இருக்கிறது என்று எல்லோரும் தேடி முடிப்பதற்குள் மாடித் தொட்டியின் 1,000 லிட்டரும் கூடத்தைக் கடந்து தெருவுக்குப் போய்விட்டது. ஐம்பது நாள் சொட்டிச் சொட்டி வீணாக வேண்டிய தண்ணீரை அரை மணியில் முடித்துவைத்த வேகத்தை யாரிடம் பார்க்க முடியும்? சொன்னபடியே சொட்டும் நின்றது.

கொத்தனார் வந்தார். சுவரை உடைத்தார்கள். பழைய டைல்ஸின் டிசைன் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை என்பதால் எல்லா டைல்ஸையும் உடைத்தார்கள். அந்த வேகத்தில் சம்மட்டி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அங்கே அக்காவின் சாமான் அறை. அப்போதுதான் அத்தான் அந்த மகாவாக்கியத்தை அருளினார்: "உடைச்சதுதான் உடைச்சோம், இதை ஒரு ஸ்டுடியோவா ஆக்கிட்டா என்ன?"

அக்காவின் அண்டாவும் ஆட்டுக்கல்லும் முறுக்கு அச்சும் பின்கட்டுக்கு இடம்பெயர்ந்தன. அவற்றுக்கு நடுவில் இப்போது நான் படுத்துக்கொள்கிறேன். புதிதாக சி.பி.வி.சி. பைப் போட்ட பிளம்பர், "பசை நல்லாக் காயட்டும், அதுவரைக்கும் தண்ணி விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தாராளப் பிரபு அத்தான் ஒரு டீ குடிக்கும் நேரம் கொடுத்தார். பிறகு மோட்டாரைப் போட்டார்.

கலைக்கூடத்தில் என்ன கலை? ஊரின் பெருமையான தஞ்சாவூர் ஓவியமேதான். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் கோந்தும் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டும் வேலை. ஈரம் பட்டால் பலகை உப்பும், துணி கிளம்பும், ரேக்கு உரியும். ஈரத்தை இவ்வளவு வெறுக்கும் கலைக்கு, வீட்டிலேயே ஓதம் ஏறிய ஒரே சுவரைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் பலகையைச் சாய்த்துவைத்த நுட்பம் அத்தானுடையது. முதல் பலகையில் கிருஷ்ணருக்குக் கோடு மட்டும் போட்டிருக்கிறது. கன்னம் தானாகவே உப்பி வருகிறது. வெண்ணெய் தின்ற பாவம் வரையாமலே வந்துவிட்டது என்கிறார்.

கருவிகளின் அழகை அவசியம் சொல்ல வேண்டும். அளவுவாரியாக 24 தூரிகைகள், 12 உளிகள், எண்ணெய் பூசிய ரெஞ்சு. எல்லாம் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்கிறார். காஞ்சிபுரத்துத் தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்து, பீலி சூட்டி நெய் பூசி எவ்வளவு அழகாக வைத்திருக்கிறாய் என்று ஔவையார் மெச்சிப் பாடினாரே, அவர் கரந்தைப் பக்கம் வந்திருந்தால் காஞ்சிபுரத்தை மறந்திருப்பார். அதே பாட்டில் அதியமானின் நுனி முறிந்த வேல் கொல்லன் பட்டறையில் கிடந்ததைப்போல, எங்கள் பிளம்பரின் ரெஞ்சும் பல் தேய்ந்து, பிடியில் சைக்கிள் டியூப் சுற்றித்தான் இருக்கும். பாவம், அவருக்குத் தினமும் வேலை.

கணக்கு கேட்ட அக்காவிடம் அத்தான் பெருந்தன்மையோடு சொன்னார்: "பிளம்பிங்ல மிச்சம் பிடிச்ச காசுதான்."

தூரிகை கழுவ வேண்டுமே என்று கலைக்கூடத்தில் ஒரு தொட்டியும் குழாயும் வைத்திருக்கிறார். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தக் குழாய் சொட்டுகிறது. நேற்று மாலை ரெஞ்சைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழாய் இருக்கும் சுவருக்கு மறுபக்கம் என் பாய் விரித்திருக்கிறது. கரந்தைப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த பிளம்பர் யாராவது இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே அனுப்பிவையுங்கள். 300 ரூபாயை நான் கொடுத்துவிடுகிறேன்.