விடுதலையானாலும் விடாத ஆயிரம் ரூபாய்

விருத்தாசலம் பாலக்கரையில் ஹெல்மெட் போடாதவரின் பைக் யாரையோ இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிறப்பவை இரட்டைப் பிள்ளைகள்: அஜாக்கிரதையாக ஓட்டியதாக ஒரு குற்ற வழக்கு; ஹெல்மெட்டுக்காக ஆயிரம் ரூபாய் இ-சலான். வழக்குக்கு வக்கீல், வாய்தா, பிறழ்சாட்சி என்று பெரிய குடும்பமே உண்டு, ஒருநாள் விடுதலையில் முடிந்துவிடும். நாதியற்ற சலானோ சிரஞ்சீவி. ‘கோர்ட்டே விட்டுவிட்டது, அப்புறம் என்ன அபராதம்?’ என்று கேட்கத் தோன்றும். கோர்ட் சொன்னது அஜாக்கிரதை நிரூபணமாகவில்லை என்பதைத்தான். தலையில் ஹெல்மெட் இருந்ததாகத் தீர்ப்பில் ஒரு வரியும் இராது. தண்டனைச் சட்டமும் மோட்டார் வாகனச் சட்டமும் அதனதன் வழியில் தனித்தனியே செல்லும் என்று அருணாசலப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019-இலேயே சொல்லிவிட்டது.

ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை கூடாதென்று அரசியல் சட்டத்தின் 20(2) சொல்கிறதே என்பார்கள். அதைக் காட்ட முதலில் ஒருமுறை தண்டனை வாங்கியிருக்க வேண்டும். விடுதலையானவருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அபாயகரமாக ஓட்டியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவும் சேர்ந்திருந்தால், இரண்டும் ஒரே செயல்தான் என்ற வாதத்துக்குக் கொஞ்சம் வலு உண்டு. அதையும் கோர்ட்டில் எழுந்து சொல்ல வேண்டும், அந்தப் பிரிவு தானாக உதிராது. ஹெல்மெட் சலானைக் கட்டிவிட்டாலோ அதே சட்டத்தின் 200-ஆம் பிரிவின்படி அந்தக் குற்றம் இணக்கமாகி முடிந்தது. செராமிக் ஊரான விருத்தாசலத்துக்கு இது புரியும்: பச்சை மண்ணைத்தான் மறுபடி குழைக்கலாம், சூளையில் வெந்த ஃபியூஸ் கட்டையை அல்ல. சலானுக்குச் சாட்சியான கேமரா பிறழ்சாட்சியாகக் கற்றுக்கொள்ளும்வரை, பெரிய வழக்கிலிருந்து தப்புவதே சுலபம்.