மூலவர் இல்லாத மேற்கோள்கள்

வேலூரைக் கிண்டல் செய்ய வெளியூர்க்காரர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று அது ஆளுக்கு ஆள் நீளும். இதில் கடைசிக் குறை 1981-லேயே தீர்ந்துவிட்டது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் கோட்டைக்குள் வந்து, ஜலகண்டேஸ்வரர் தன் சொந்த வீட்டில் குடியேறிவிட்டார். நாற்பது வருஷம் தாண்டியும் பட்டியலில் அந்த வரியை யாரும் அடிக்கவில்லை. முதலில் சொன்னவர் யார் என்று தெரிந்தால் அல்லவா திருத்தச் சொல்ல முடியும்?

உள்ளூர்க்காரன் என்ற உரிமையில் நானும் அந்தப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கிறேன்: ஆதாரம் இல்லாத மேற்கோள். ராணிப்பேட்டையில் தொடங்கி வாணியம்பாடி வரை நீளும் எங்கள் தோல் சீமையில் இந்தச் சரக்குக்கு எப்போதும் தட்டுப்பாடு வந்ததில்லை. ஆம்பூர் பிரியாணி ஆற்காடு நவாப் அரண்மனை அடுப்பிலிருந்து இறங்கியது என்பார்கள். சமையல்காரர் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கத்தரிக்காய்த் தொக்கு இன்னொரு கரண்டி விழும், பதில் விழாது. பிரியாணிக்கு அது போதும். வரலாற்றுக்குப் போதாது.

எங்கள் ஊர் வரலாற்றின் பெரிய சண்டையே ஒரு துண்டுத் தோலில்தான் தொடங்கியது. 1805 நவம்பரில் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக்குக்குச் சிப்பாய்களின் முகம் பிடிக்காமல் போயிற்று. நெற்றியில் பட்டை, நாமம் கூடாது. தாடியை வழிக்க வேண்டும். மீசை சொன்ன அளவில் நிற்க வேண்டும். தலையில் புதுத் தினுசுத் தலைப்பாகை, அதன் மேல் தோலில் செய்த ஒரு குஞ்சம். அது பசுத்தோலா பன்றித்தோலா என்ற பேச்சு கோட்டை முழுக்கப் பரவியது. இன்றைக்கு ஆம்பூரில் தடவிப் பார்த்தே ஆடா மாடா என்று சொல்லிவிடும் ஆட்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அன்றைய துரைமார் யாரையும் கேட்கவில்லை. கேள்வி கேட்டவர்களில் இருவருக்குத் தலா 90 கசையடி கொடுத்து வேலையை விட்டும் அனுப்பினார்கள்.

நெற்றிக்குறித் தடை இருந்த இடத்தை ஆராய்ச்சி மாணவர்கள் மனப்பாடம் செய்வது நல்லது: ராணுவ ஒழுங்குமுறைத் தொகுப்பு, 11-ஆம் பகுதி, 10-ஆம் பத்தி. சிதறிக் கிடந்த பழைய உத்தரவுகளை ஒரே புத்தகமாக்குகிறோம் என்று கிளம்பிய வேலையில் இந்தப் பத்தியும் ஏறிக்கொண்டது. புத்தகம் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கின் மேசைக்குப் போனது. ஒப்புதலோடு திரும்பி வந்தது. ரத்தம் ஓடி முடிந்த பிறகு, இந்தப் பத்தியைப் போட்டது யார் என்ற கேள்வி எழுந்தது. ஆளுநர் தளபதியைக் கைகாட்டினார். தளபதி தன் அலுவலகத்து அதிகாரிகளைக் கைகாட்டினார். லண்டன் இருவரையும் பார்த்தது. 1807-இல் இருவருக்கும் ஊருக்குக் கப்பல் ஏற்பாடாயிற்று. தீசிஸைப் புரட்டாமலே கையெழுத்துப் போடும் கைடுகள் தங்கள் குலமுதல்வராக பெண்டிங்கின் படத்தை மாட்டிக்கொள்ளலாம்.

1806 ஜூலை 10, விடிவதற்கு முன்பே கோட்டையில் சிப்பாய்களின் கலகம் வெடித்தது. திப்பு சுல்தானின் கொடி ஏறியது. செய்தி ஆற்காட்டை எட்டியதும் கில்லெஸ்பி என்ற குதிரைப்படை அதிகாரி சுமார் 16 மைல் பறந்து வந்தார். பகலுக்குள் எல்லாம் முடிந்தது. இனிமேல்தான் கணக்கு வழக்கு. இறந்த வெள்ளைக்காரர்களில் 69-ஆம் ரெஜிமென்ட்டுக்காரர்கள் 115 பேர் என்று ஒற்றை இலக்கம் வரை எழுதி வைத்தார்கள். இறந்த சிப்பாய்கள் எத்தனை பேர்? ஒரு நூலில் 350, இன்னொன்றில் 800. நடுவில் 450 உயிர் தொங்குகிறது. அவர்கள் பக்கம் எண்ணினார்கள். நம் பக்கம் குத்துமதிப்பு. பின்னால் வந்தவர்களில் பலர் தங்கள் கட்சிக்குத் தோதான எண்ணை எடுத்துக்கொண்டார்கள். எங்கிருந்து எடுத்தோம் என்று எழுத மட்டும் மறந்துவிட்டார்கள்.

கண்ணால் கண்ட சாட்சியே இல்லையா என்றால், உண்டு. கோட்டைத் தளபதி செயின்ட் ஜான் ஃபேன்கோர்ட் அன்றைக்குச் செத்தார். அவர் மனைவி அமீலியா குழந்தைகளோடு தப்பினார். இரண்டே வாரத்தில் நடந்ததை எழுதி வைத்தார். அது 1842-இல், ஆஸ்திரேலியாவின் சிட்னி கெசட் பத்திரிகையில் அச்சாயிற்று. வேலூர்க் கோட்டையில் நடந்த கொலைக்கு சிட்னியில் போய் ஆதாரம் தேட வேண்டும், அதுவும் 36 வருஷம் கழித்து! சரி, அச்சிலாவது ஒழுங்காக வந்ததா? தலைப்பிலேயே இரண்டு கோளாறு. செயின்ட் ஜான் ‘சர் ஜான்’ ஆகிவிட்டார். அச்சுக்கோப்பவர் கையால் செத்தவருக்கு ஒரு சர் பட்டம். ஜூலை 10 என்பது ஜூலை 9 ஆகிவிட்டது. ஒரு நாள் முன்னதாகவே மனிதரைக் கொன்றுவிட்டார்கள். மூலத்தைத் தேடிப் பிடித்தால் மட்டும் போதாது, அதையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

இந்தக் கூத்தையெல்லாம் ஒழுங்கு செய்யத்தான் மேற்கோள் விதிகள் பிறந்தன. அவை பிறந்த கதையும் அப்படியொன்றும் கம்பீரமானதில்லை. பெயரும் வருஷமும் அடைப்புக்குறிக்குள் போடும் ஹார்வர்டு முறை, 1881-இல் எட்வர்ட் மார்க் என்ற விலங்கியல் பேராசிரியரின் கட்டுரையில் தொடங்கியது என்கிறார்கள். கட்டுரையின் நாயகன் தோட்டத்தில் ஊரும் ஓடில்லா நத்தை. இன்று தீசிஸ் எழுதும் வேகத்துக்கும் அந்த நத்தைக்கும் ஒற்றுமை இருந்தால் அது தற்செயலே. 1978-இல் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி, மேற்கோள்களை நம்பர் போட்டு அடுக்கும் முறையைத் தீர்மானித்தார்கள். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் எழுதும் கட்டுரைகளிலும் பெரும்பாலும் அந்த நம்பர்கள்தான் கடைசிப் பக்கத்தில் வரிசை கட்டி நிற்கின்றன.

நத்தையும் வான்கூவரும் யோசிக்காத ஒன்று, நம் ஊர் இனிஷியல். உங்கள் பெயர் குமார், அப்பா பெயர் சண்முகம் என்று வையுங்கள். குடும்பப் பெயரைக் கேட்கும் கட்டத்தில் எதையாவது எழுதியாக வேண்டுமே என்று அப்பா பெயரை எழுதுவீர்கள். கட்டுரை ‘சண்முகம், கே.’ என்று வெளியாகும். ஆராய்ச்சிக்காகத் தோல் தொழிற்சாலையின் குரோமியக் கழிவு நாற்றத்தில் ராப்பகலாகக் கிடந்தது மகன். சர்வதேசப் புகழ் அப்பாவுக்கு. அடுத்த கட்டுரையில் சுதாரித்து ‘குமார், எஸ்.’ என்று போட்டால், உலகம் இரண்டு விஞ்ஞானிகள் இருப்பதாக நம்பும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வேலைகூடக் கிடைக்காது.

இத்தனை நாள் மேற்கோள் இல்லாமல் அலைந்த வேலூர், 1996 ஆகஸ்ட் 28 அன்று தானே மேற்கோள் ஆயிற்று. பாலாற்றில் தோல் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் உச்ச நீதிமன்றம் போயிருந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அன்று தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அந்தத் தீர்ப்பு அறைந்தது. வழக்கில் அடங்கிய ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம், வழக்காடிய எம்.சி. மேத்தாவுக்கு 50,000 ரூபாய் கட்டணம். அன்று முதல் இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் பற்றி எழுத உட்காருபவர் யாரானாலும் அடிக்குறிப்பில் வேலூரில் ஒரு தரம் இறங்கித்தான் போக வேண்டும். பாலாற்றைக் கண்ணால் காணாதவர்கள்கூடப் பக்க எண்ணோடு சொல்வார்கள்: 1996, ஐந்தாம் தொகுதி, எஸ்.சி.சி., பக்கம் 647. அதே தீர்ப்புக்கு ஏ.ஐ.ஆர். என்ற மற்றொரு தீர்ப்புத் தொகுப்பில் பக்கம் 2715 என்று இன்னொரு விலாசமும் உண்டு. இரண்டும் வேறு வேறு வழக்கு என்று நினைத்து இரண்டையும் தனித்தனியே பட்டியலில் ஏற்றும் வள்ளல்களும் இருக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பே மேற்கோள்களின் சுரங்கம். அதில் இங்கிலாந்தின் சட்ட மேதை பிளாக்ஸ்டோன் வருகிறார். நூல் 1876 பதிப்பு என்று தீர்ப்பு குறிப்பிடுகிறது. மனிதர் செத்தது 1780-இல். தொண்ணூற்றாறு வருஷம் கழித்து எழுந்து வந்து எழுதினாரோ என்று முதலாண்டு மாணவன் மிரள்வான். அது பின்னால் வந்த ஒரு பதிப்பு, அவ்வளவுதான். நூல் முதலில் வெளிவந்தது 1760-களில். பதிப்பு வருஷத்தோடு முதல் வருஷத்தையும் எழுது என்று கைடுகள் கத்துவது இதற்காகத்தான். சரி, பிளாக்ஸ்டோன் என்னதான் சொல்கிறார்? அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரும் தொழில்களில் தோல் பதனிடுவதை வைக்கிறார். சுண்ணாம்புக் குழி வெட்டி ஓடும் தண்ணீரைக் கெடுப்பதும் குற்றமென்கிறார். தோலில் முடி கழல்வதற்குப் போடுகிற அதே சுண்ணாம்புதான். ஆம்பூருக்கு வந்தே இராத ஒரு வெள்ளைக்காரர், ஆம்பூர் தண்ணீர்த் தொல்லையை இருநூறு வருஷம் முன்பே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒழுங்காகக் காட்டப்பட்ட மேற்கோள் அப்படித்தான், கடல் தாண்டி வந்தும் சாட்சி சொல்லும்.

தீர்ப்பில் உள்ள ஊரைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் இருப்பது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அதற்கு முன் அது வட ஆற்காடு, பிறகு வேலூர், 2019-இல் மூன்றாக வெட்டியதில் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆம்பூர் ஓரடி நகரவில்லை. மாவட்டம் மட்டும் மூன்று தரம் சட்டை மாற்றிக்கொண்டது. நாலு காலத்துக் கட்டுரைகளை ஒன்றாகச் சேர்ப்பவர் நாலு ஆம்பூர் இருப்பதாக முடிவு கட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

படிக்காமலே மேற்கோள் காட்டும் வியாதி உலகம் முழுக்க இருக்கிறது. 2003-இல் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரு மேற்கோளில் விழுந்த அச்சுப்பிழை அப்படியே அடுத்தடுத்த கட்டுரைகளுக்குத் தாவுகிறதா என்று பார்த்தார்கள். தாவியது. பிட் அடித்தவன் பக்கத்துப் பையனின் தப்பையும் சேர்த்து எழுதி மாட்டுவானே, அதே கதை. மேற்கோள் காட்டுகிறவர்களில் மூலத்தைப் படித்தவர்கள் சுமார் 20 சதவீதம்தான் என்று கணக்குச் சொன்னார்கள். இதைவிடப் பெரிய கூத்து எல்செவியர் பதிப்பகத்தின் மாதிரிப் படிவத்தில் நடந்தது. மேற்கோளை இப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக வான் டெர் கீர் முதலிய மூவரின் பெயரில், 2000 என்ற வருஷத்தோடு, அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றி ஒரு கற்பனைக் கட்டுரையைப் படிவத்தில் வைத்திருந்தார்கள். இல்லாத அந்தக் கட்டுரையைக் கிட்டத்தட்ட 400 கட்டுரைகள் மேற்கோள் பட்டியலில் சேர்த்திருந்தன! உயிரோடு இருந்து உண்மையாக எழுதிய நம் குமாருக்கு நாலு மேற்கோள் கூட விழாது.

தோல்காரர்களைப் பாருங்கள். வெளிநாட்டு பையருக்கு ஷூ அனுப்பும் கம்பெனி, தோல் எந்த டேனரியில் பதப்பட்டது, பச்சைத் தோல் எங்கிருந்து வந்தது என்று கணக்குக் காட்ட வேண்டிய காலம் இது. குரோமியத்தில் பதம் ஏறி, சாயம் ஏறாத வெட் ப்ளூ நிலையிலேயே தோலின் ஓரத்தில் நம்பர் குத்துகிறார்கள். சாயம் ஏறி மெருகு ஏறின பிறகும் தேடினால் அந்த நம்பர் கிடைக்கிறது. பள்ளிக்கூடம் தாண்டாத தொழிலாளி ஒரு மாட்டுத் தோலுக்குக் கொடுக்கும் மரியாதையை, முனைவர் பட்டம் வாங்குகிறவர் ஒரு வாக்கியத்துக்குக் கொடுக்கக் கூடாதா?

கடைசியாக ஒன்று. வேலூர் வழக்கை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டிவிட்டார்கள். ஆனால் இழப்பீடு போய்ச் சேரவில்லை, ஆறும் தேறவில்லை என்று அதே விவகாரம் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2025 ஜனவரி 30 அன்று இன்னொரு தீர்ப்பு வந்தது. மேற்கோளால் மட்டும் ஆறு சுத்தமாகாது. ஆனால் 1996 தீர்ப்பில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது: கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு, தொழிலைச் செய்கிறவர் தலையில். தீசிஸ் பைண்டிங்குக்குக் கொடுக்கப் போகும் தம்பி தங்கைகளே, உங்கள் தொழில் எழுத்து. சொன்னது நீங்கள் என்றால் நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். திறந்து பார்க்காத நூல் ஒன்று உங்கள் பட்டியலில் இருந்தால், இன்றைக்கே அடித்துவிடுங்கள்.