மாடித் திருப்பத்தில் ஒரு ஸ்டூல்

எங்கள் குடியிருப்பின் முதியோர் நலக் குழுவுக்கு நான் தலைவரானது தேர்தலில் ஜெயித்து அல்ல. சங்கக் கூட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அந்த யோசனையைச் சொன்னவன் நான். யோசனை சொன்னவன் தலையிலேயே வேலையைக் கட்டுவது அடுக்குமாடிச் சங்கங்களின் எழுதாத சட்டம்.

மடிப்பாக்கத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கட்டிய கட்டடம். தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி, 24 வீடு, லிஃப்ட் கிடையாது. வாங்கும்போது எல்லாருக்கும் முப்பது முப்பத்தைந்து வயது. மூன்றாம் மாடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்று ஆசைப்பட்டு வாங்கியவர்கள் இன்று அந்தக் காற்றைத் தவிர வேறு எதையும் வாங்கக் கீழே இறங்க முடியாமல் இருக்கிறார்கள். பிள்ளைகள் டல்லாஸிலும் டப்ளினிலும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். எங்கள் கட்டடத்தில் இளைஞர்களைத்தான் அப்படிச் சதவீதம் போட்டுச் சொல்ல வேண்டும்.

முதியோர் நலம் பார்க்கும் இந்த வியாதி எனக்குக் கோயம்புத்தூரில் தொற்றியது. ஒரு நண்பர் அங்கே மூத்தோருக்கான குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கி, பார்க்கக் கூப்பிட்டார். வாசல்படியே இல்லாத வீடுகள், சுவர் முழுக்கக் கைப்பிடிகள், பொதுச் சாப்பாட்டுக் கூடம், இரவிலும் நர்ஸ். நான் அவருடைய உடம்பைப் பற்றி விசாரித்ததைவிடக் கைப்பிடிகளைப் படம் எடுத்ததுதான் அதிகம். திரும்பி வந்ததும் படிக்க ஆரம்பித்தேன். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் ஓய்வு இல்லங்களுக்கென்று மாதிரி வழிகாட்டி நெறிகள் வெளியிட்டிருக்கிறது. 2007ஆம் வருஷத்துச் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது வேண்டும், அதில் வசதியில்லாத 150 பேராவது தங்க இடம் இருக்க வேண்டும் என்கிறது. சுனாமிக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் தாமரைக்குளத்தில் முதியவர்களுக்கென்றே ஒரு கிராமம் அமைத்தார்கள். இதையெல்லாம் குறிப்பெடுத்து ஒரு கோப்பு போட்டேன். முப்பத்திரண்டு வருஷம் கூட்டுறவுத் துறையில் தணிக்கை பார்த்தவன். கோப்பு போட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் வேலை கணக்கெடுப்பு. வீட்டுக்கு ஒரு படிவம். எட்டுப் பக்கம் வந்துவிட்டதால் செலவைக் குறைக்க எழுத்தைச் சின்னதாக்கி நாலு பக்கத்தில் அடைத்தேன். “பார்வைக் குறைபாடு உள்ளதா?” என்ற கேள்வியை யாராலும் படிக்க முடியவில்லை. கேட்கும் திறனைப் பற்றிய கேள்விக்கு முதல் மாடி அம்மா ஒருவர், “எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது, மற்றவர்கள் பேசுவதுதான் சரியில்லை” என்று எழுதியிருந்தார். படிவங்களைக் கூட்டிப் பார்த்து, அறுபதைத் தாண்டியவர்கள் 19 பேர் என்று அறிக்கை வைத்தேன்.

தரைத்தளத்தில் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் இருக்கிறார். எங்கள் எல்லாருக்கும் அவர் சிஸ்டர். அறிக்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார். “இதுல உங்களைச் சேர்த்தீங்களா சார்?”

எனக்கு 62. சேர்க்கவில்லை. தற்காப்புக்கு ஒரு வாதம் வைத்திருந்தேன். நான் அறுபதைத் தொடுவதற்குள், 2020 மார்ச்சிலேயே ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்திவிட்டார்கள். சலுகை தராதபோது நான் எப்படி மூத்த குடிமகன்? ஆனால் மாநகரப் பேருந்துக்கு மாதம் 10 இலவச டோக்கன் வாங்க மட்டும் வரிசையில் முதல் ஆளாக நிற்பவன் நான் என்பது சிஸ்டருக்குத் தெரியும். அதே வரிசையில் எனக்கு இரண்டு ஆள் பின்னால் அவர் நின்றிருக்கிறார்.

அடுத்தது, முதியோரின் கருத்தறியும் கூட்டம். மாலை ஐந்து மணி, மொட்டை மாடி. காற்றோட்டமாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்று மாடி ஏறி, அதற்கு மேல் இன்னும் ஒரு சுற்று ஏற வேண்டும் என்பது ஐந்தரை மணிக்குத்தான் உறைத்தது. வந்தவர்கள் ஐந்து பேர். என்னைத் தவிர எல்லாரும் நாற்பதுக்கு உட்பட்டவர்கள், அதில் ஒருவர் துணி எடுக்க வந்தவர். தீர்மானங்கள் அனைத்தும் ஒருமனதாக நிறைவேறின. “முதியோர் தரப்பிலிருந்து ஆட்சேபம் ஏதும் வரவில்லை” என்று நடவடிக்கைக் குறிப்பில் நானே என் கைப்பட எழுதினேன். அந்தப் பக்கத்தை இப்போதும் கிழிக்கவில்லை. தணிக்கைக்காரன் புத்தி.

லிஃப்ட் பேச்சை இரண்டு வரியில் முடித்துவிடலாம். கட்டடத்துக்கு வெளியே ஒட்டி ஒன்று போடலாம் என்றார்கள். தரைத்தளத்துக்காரர்கள், “நாங்க எங்க போறதுக்கு லிஃப்ட்?” என்றார்கள். கதை முடிந்தது.

சாய்தளத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மடிப்பாக்கம் ஏரி ஊர், மழைத்தண்ணீருக்குப் பயந்து வாசலை இரண்டடி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். நாலு படி. சக்கர நாற்காலி ஏற ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு, அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். இரண்டடிக்கு 24 அடி வேண்டும். எங்களிடம் இருந்தது எட்டடி. அதற்கப்புறம் பொருளாளரின் கார் நிற்கிறது. பொருளாளரிடம்தான் செக் புத்தகம் இருக்கிறது. எட்டடியிலேயே போட்டுவிடலாம் மேஸ்திரி என்றேன். அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒருமுறை வாசலைப் பார்த்தார், “சறுக்குமரம் மாதிரி வரும் சார்” என்றார். நாட்டுக்காக ஒருவன் பாடுபடும்போது இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திறப்புவிழா அன்று காலிச் சக்கர நாற்காலியை வாட்ச்மேன் தள்ளிக்கொண்டு ஏறினார். பாதி தூரத்தில் நாற்காலி அவரைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. இப்போது சாய்தளம் வீண் போகவில்லை. சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் பைக்கோடு வாசல் வரை ஏறிவிடுகிறார்கள். சனி ஞாயிறு குழந்தைகள் அட்டைப்பெட்டி போட்டுச் சறுக்குகிறார்கள். முதியவர்கள் பழைய நாலு படியில் சுவரைப் பிடித்து ஏறுகிறார்கள், கைப்பிடிக்கு ஒதுக்கிய பணமும் சாய்தளத்தில் போய்விட்டதால்.

மணி விஷயம் இதைவிட மோசம்.

குளியலறையில் யாராவது விழுந்தால் அழுத்த ஒரு மணி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி, கம்பியில்லாத அழைப்பு மணிகளை மொத்தமாக வாங்கி வந்தேன். எலக்ட்ரீஷியன் தம்பி, “எவ்வளவு உயரத்துல வைக்கட்டும் சார்?” என்று கேட்டான். “ஸ்விட்ச் போர்டுக்கு நேரா வைப்பா, பார்க்க லட்சணமா இருக்கும்” என்றேன். லட்சணமாகத்தான் இருந்தது. எல்லா வீட்டிலும் ஒரே கோடு பிடித்த மாதிரி.

சிஸ்டர் வீட்டில் வெள்ளோட்டம். குளியலறையை உலர்த்தி வைத்திருந்தார். “உள்ள வாங்க சார். இப்ப நீங்க வழுக்கி விழுந்துட்டீங்க.”

“நான் எங்க விழுந்தேன்?”

“விழுந்துட்டீங்கன்னு வெச்சுக்குங்க. தரையில உக்காருங்க.”

உட்கார்ந்தேன். தரை ஜில்லென்றிருந்தது. கீழேயிருந்து பார்த்தால் குளியலறை வேறு ஊராக இருக்கிறது. வாளியின் விளிம்பு கண்ணுக்கு நேராக, கொசுவலை போட்ட சன்னல் எங்கேயோ வானத்தில். மணி அதற்குப் பக்கத்தில் பச்சை விளக்கோடு கண் சிமிட்டியது. கையை நீட்டினேன். முழங்கையை நிமிர்த்தி, விரலையும் நீட்டினேன். இன்னும் இரண்டடி பாக்கி.

“அடிங்க சார்,” என்றார் சிஸ்டர், வாசற்படியில் சாய்ந்துகொண்டு.

எழுந்து அடிக்கலாம் என்று பார்த்தேன். எழுந்து அடிக்க முடிகிறவன் எதற்கு அடிக்க வேண்டும் என்பது அப்புறம் யோசித்தது. அதற்குள் குழாயைப் பிடித்து எம்பிவிட்டேன். குழாய் என் பாரம் தாங்காமல் திரும்பி, தண்ணீர் பீய்ச்சியது. சிஸ்டர் கை கொடுத்து, இடுப்பில் ஒரு பிடி பிடித்து, ஒரே வீச்சில் தூக்கி நிறுத்தினார். அவருக்கு 71. மூத்தோருக்கான கழிப்பறையில் தரையில் கிடப்பவர் கைக்கு எட்டும் உயரத்திலும் ஒரு மணி வேண்டும் என்பது நான் கோப்பில் வைத்திருந்த காகிதம் ஒன்றிலேயே இருந்தது. பக்கம் எண் போட்டு வைத்திருந்தேன், படிக்கத்தான் இல்லை.

மணிகளைக் கீழே இறக்கிய பிறகு இன்னொரு சிக்கல். எல்லாம் ஒரே ராகம். யார் வீட்டில் அழுத்தினாலும் எல்லா மணியும் குயில் மாதிரிக் கூவும். முதல் வாரத்தில் ஒரு நாள் ராத்திரி மொத்தக் கட்டடமும் கூவ, அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றப் படியேறி இறங்கினோம். கடைசியில் அது முதல் மாடிப் பேரன் பல் தேய்க்கும்போது விளையாட்டுக்கு அழுத்தியது.

அந்த மணி ஒலித்தால் முதலில் ஓடிவர வேண்டியவர் வாட்ச்மேன். அன்றைக்கு அவர் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டாம் மாடியில் நின்றபோதுதான் கேட்டேன், உங்களுக்கு என்ன வயசு என்று. 68 என்றார். ஊரில் அவர் மனைவிக்கு முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் வருகிறதாம். இவர் இங்கே ராத்திரி முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில். சிலிண்டரை மூன்றாம் மாடிக்குத் தூக்குவது, மருந்துச்சீட்டோடு கடைக்குப் போவது, யாருக்காவது மயக்கம் என்றால் ஆட்டோ பிடிப்பது எல்லாம் அவர்தான். எங்கள் முதியோர் ஆதரவுச் சேவை என்று ஒன்று உண்டென்றால் அது அவர்தான். அவர் வீட்டு உரிமையாளர் இல்லை என்பதால் என் படிவம் அவரிடம் போகவில்லை.

சின்னத் தவறுகளும் உண்டு. முதியோர் உதவி எண் 14567ஐ அறிவிப்புப் பலகையில் 14576 என்று எழுதினேன். வரிசையாக வரும் எண்ணைத் தப்பாக எழுதத் தனித்திறமை வேண்டும் என்று பொருளாளர் பாராட்டினார். ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாத வாழ்நாள் சான்றிதழை வீட்டிலேயே எடுக்கலாம் என்று செல்போனோடு கிளம்பினேன். முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் என் அம்மாவிடம் “கண்ணை மூடித் திறம்மா” என்றேன். மூடினார். திறக்கவில்லை. சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டார். உயிரோடு இருப்பதை நிரூபிக்க நாலு தடவை முயன்றோம்.

இப்போது ஸ்டூலுக்கு வருகிறேன்.

முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, படி திரும்பும் இடத்தில் ஒரு நாள் மர ஸ்டூல் ஒன்று கிடந்தது. பொதுவழியில் பொருள் வைக்கக் கூடாது என்பது சங்க விதி. எடுத்து மீட்டர் அறையில் போடச் சொன்னேன். மறுநாள் திரும்ப வந்துவிட்டது. மறுபடி எடுத்தேன். மறுபடி வந்தது. தீ விபத்து நேரத்தில் வழி அடைபடும், உரிமையாளர் யாராக இருந்தாலும் 500 ரூபாய் அபராதம் என்று அறிவிப்பு ஒட்டினேன். முதியோர் நலக் குழுத் தலைவர் என்று கீழே கையெழுத்து. அறிவிப்பின் மேல் மூலையில் யாரோ குங்குமப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் முறை நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன். வாட்ச்மேன் எழுந்து நின்றார். எப்போதும் பேசாதவர் அன்று பேசினார். “அதைக் கொண்டுபோவாதீங்க சார். அம்மா சாயங்காலம் எதுல உக்காருவாங்க?”

“எந்த அம்மா?”

“உங்க அம்மாதான்.”

என் அம்மாவுக்கு 84. என் சொந்த வீட்டுக்கான படிவத்தில், “வெளியே செல்வதில்லை” என்ற கட்டத்தில் நான் டிக் அடித்திருந்தேன். அம்மாவோ தினமும் நாலரைக்கு, நான் குறட்டை விடும் நேரத்தில், ஒன்பது படி இறங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து, அப்புறம் மீதியையும் இறங்கித் தெருமுனைப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, சிஸ்டரோடு கொஞ்சம் வம்பு பேசிவிட்டு, அதே மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, ஐந்தே முக்காலுக்கு எனக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். பல மாதமாக. ஸ்டூலை வைத்தது எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண். ஸ்டூலைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு காலுக்கு அடியில் சைக்கிள் டயர்த் துண்டு, இரண்டு ஆணி. பரணில் ஏற, பல்பு மாற்ற நான் முப்பது வருஷம் நின்ற ஸ்டூல். அந்த டயரை அடித்தவனே நான்தான். ஊரார் சொத்துப் பதிவேட்டில் ஒரு நாற்காலி குறைந்தாலும் கண்டுபிடித்தவன், என் வீட்டுச் சொத்துக்கு மூன்று முறை ஜப்தி நடத்தியிருக்கிறேன்.

“ஏம்மா என்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா நீ கமிட்டி போடுவே,” என்றார்.

அறிவிப்பைக் கிழித்துவிட்டேன். அபராதம் 500 ரூபாயை, அறிவிப்பு நான் ஒட்டியதுதானே என்று பொருளாளர் என்னிடமே வசூலித்தார். அதில் இன்னொரு திருப்பத்துக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. குழு இன்னும் இருக்கிறது. கோப்பு சிஸ்டர் வீட்டில் இருக்கிறது, அதன் மேல் அவர் பாலை மூடி வைப்பதாகக் கேள்வி.

போன வாரம் மார்க்கெட்டிலிருந்து இரண்டு பையோடு ஏறினேன். ஒன்றில் கத்திரிக்காய், ஒன்றில் பூசணிக்கீற்று. ஒன்பதாவது படியில் மூச்சு வாங்கியது. சுற்றுமுற்றும் பார்த்தேன், யாரும் இல்லை. உட்கார்ந்தேன். நல்ல காற்று வேறு வந்தது. கண்ணைக்கூட மூடியிருப்பேன் போல.

மேலே கைப்பிடிச் சுவரிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “ரெண்டு நிமிஷம்தான்டா கணக்கு. எந்திரி. மூணாம் மாடி ஐயா கீழ நின்னுக்கிட்டிருக்காரு பாரு.”